பின்பக்கத்து வாட்டர் பிளக்

பெங்களூரில் எந்த வண்டியிலும் தண்ணீர் உறைந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் கடையில் போய்க் கேட்டால் ஃப்ரீஸ் பிளக் என்றுதான் எடுத்துத் தருவார்கள். எங்கள் கேரேஜில் நாங்கள் அதை வாட்டர் பிளக் என்போம். என்ஜின் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே மணல் தங்கிவிடும். அதை வெளியே தட்டி எடுப்பதற்குப் பக்கவாட்டில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். பிறகு ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சின்ன மூடியை அடித்து இறக்கி அடைத்துவிடுவார்கள். அவ்வளவுதான் வாட்டர் பிளக். அதற்குப் பின்னால் என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கூலன்ட் ஊற்றாமல் போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டினால் உள்ளிருந்து துரு தின்று கசிய ஆரம்பிக்கும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் சார். அதனால்தான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வைத்தீஸ்வரன் சாருடைய காரில் அதுதான் நடந்திருந்தது. அவர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் இங்கேயே அரசாங்க வேலை பார்த்தவர். அப்பா வாங்கிய காரை விற்க மனமில்லாமல் வைத்திருந்தார். ரேடியேட்டரில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்கவில்லை என்று எங்களிடம் கொண்டுவந்து விட்டார். என் கூட்டாளி ஆம்ப்ரோஸ் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, பக்கவாட்டு பிளக் எல்லாமே போய்விட்டது, பின்பக்கத்து பிளக்கும் வியர்க்கிறது என்று சொன்னான். பக்கவாட்டில் இருப்பவற்றை என்ஜினை இறக்காமலே மாற்றிவிடலாம். பின்பக்கத்து பிளக் கியர்பாக்ஸை ஒட்டி மறைந்திருக்கும். அதற்கு என்ஜினையே வெளியே தூக்க வேண்டும்.

நான் பச்சைமுத்து. சொந்த ஊர் ஜோலார்பேட்டைப் பக்கம். இந்த ஊருக்கு வந்து வேலை தேடிய காலத்தில் ஆம்ப்ரோஸோடு ஒரே கேரேஜில் சேர்ந்தேன். அவன் பிரேசர் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன். பிறகு இருவரும் சேர்ந்து சொந்தமாகப் போட்டதுதான் இப்போது நீங்கள் சீல் வைத்திருக்கும் கேரேஜ். எங்களுக்குள் சண்டை வராத நாள் கிடையாது. ஒரு ஸ்பேனரை இடம் மாற்றி வைத்தால் என் அம்மாவை இழுப்பான், நான் அவன் அப்பாவை இழுப்பேன். மத்தியானம் ஒரே டிபன் கேரியரில் கைவிட்டுச் சாப்பிடுவோம். அந்தக் காலம் நன்றாக இருந்தது.

அவனுக்கு ஒரே மகன், கிஷோர். படித்து முடித்து வைட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஆம்ப்ரோஸ் வீட்டு வேனுக்கு முன் சக்கர வேலையை நான்தான் செய்தேன். வீல் நட்டுகளைக் கையால் ஏற்றிவிட்டு, ஸ்பேனர் போட்டு இறுக்கப் போகும்போது போன் வந்தது. என் மனைவி வனஜா. வீட்டில் ஏதோ தகராறு, என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை. பேசி முடித்து வந்து, இறுக்கிவிட்டதாக நினைத்து ஜாக்கியை இறக்கிவிட்டேன். மறுநாள் கிஷோர் ஓட்டிக்கொண்டு போனபோது ஹொஸ்கோட்டே ரோட்டில் சக்கரம் தனியாகக் கழன்று ஓடியது. வேன் ஒரு லாரிக்குள் போனது. கிஷோர் அங்கேயே போய்விட்டான்.

அது கவனக்குறைவு. அதைப் பற்றி என் மனதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

போலீஸ் வந்து சக்கரத்தை மாட்டியது யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆம்ப்ரோஸ், நான்தான் மாட்டினேன் என்றான். மகனைப் பறிகொடுத்த அப்பன் அப்படிச் சொன்ன பிறகு யார் மேலே கேட்பார்கள்? கேஸ் அதோடு முடிந்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னது இவ்வளவுதான்.

"உன்ன மன்னிச்சிட்டேன் முத்து. இதப் பத்தி இனிமே நாம பேசவேணாம்."

சொன்னபடியே அவன் பேசவில்லை. அதற்குப் பிறகு என்னை ஒருமுறைகூடத் திட்டவும் இல்லை. டேய் என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டான். முத்து, சாப்பிட்டியாப்பா என்பான். அவன் மனைவி ஸ்வர்ணா எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினார். விஷயம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. அவர்கள் சர்ச்சில் ஃபாதர் பிரசங்கத்திலேயே ஆம்ப்ரோஸைப் புகழ்ந்து சொன்னாராம். டீக்கடை பாய் அவனுக்கு டீ கொடுக்கும்போது எழுந்து நின்று கொடுப்பார். எனக்கும் அதே கிளாஸில்தான் டீ. ஆனால் உட்கார்ந்தபடியே நீட்டுவார். வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், வனஜா, "ஆம்ப்ரோஸ் அண்ணன் எப்படி இருக்காரு பாரு" என்பாள். நான் ஒருவனைக் கொன்றேன், அவன் பெரிய மனிதனாகிவிட்டான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் வெளியில் யாருக்கும் தெரியாது. நான் எந்த வேலையை முடித்துவிட்டு எழுந்தாலும், நான் கை கழுவப் போகும் நேரம் பார்த்து ஆம்ப்ரோஸ் அந்த வண்டியிடம் போவான். நான் போட்ட ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரை வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பான். சத்தம் வராமல் செய்வான். நான் பார்க்கக்கூடாது என்று நினைப்பான். நானும் பார்க்காத மாதிரி சோப்பை இன்னும் கொஞ்சநேரம் தேய்த்துக்கொண்டு நிற்பேன். வருடக்கணக்காக இது நடந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சண்டை போட்டிருப்பேன், விட்டுவிட்டுப் போயிருப்பேன். கேட்கமாட்டான். என் முதுகுக்குப் பின்னால் ஸ்பேனர் நட்டில் உட்காரும் அந்தச் சின்ன ஓசை மட்டும் கேட்கும்.

நீங்கள் இளைஞர். இதெல்லாம் ஒரு காரணமா என்று உங்களுக்குத் தோன்றலாம். தினமும் வேலை முடிந்ததும் ஒருவன் உங்கள் கையைச் சோதித்துப் பார்க்கட்டும், அதை அன்பாகவும் செய்யட்டும். மலை ஏறி வந்தவனுக்கு வரும் அசதி தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் அப்படியே இருந்தது.

ஒருநாள் நான் நிஜமாகவே ஒரு போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டுவிட்டேன். வேண்டுமென்று இல்லை. கை கழுவிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆம்ப்ரோஸின் ஸ்பேனர் கால் சுற்றுப் போனது. அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நல்லவேளை பார்த்தேன் என்பதுபோல. அன்றைக்கு முழுவதும் பழைய ஆம்ப்ரோஸ் மாதிரி இருந்தான். மத்தியானம் ஏதோ ஜோக்கூடச் சொன்னான்.

அதற்குப் பிறகு அவ்வப்போது ஒன்றை அவனுக்காக விட்டுவைக்க ஆரம்பித்தேன். ஒரு கிளாம்ப், ஒரு நட்டு, இப்படி ஏதாவது. அவன் கண்டுபிடிப்பான், இறுக்குவான், நிம்மதியாக இருப்பான். அவனுக்கும் ஒரு நிம்மதி வேண்டாமா? மகனை இழந்தவன். அதில் கெடுதல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவான். சிலசமயம் அவனைத் தேடி யாராவது வந்துவிடுவார்கள், போன் வந்துவிடும், பார்க்காமல் விட்டுவிடுவான். வண்டிக்காரர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த வண்டிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்கவும் இல்லை. அவர்களில் பலர் திரும்பி வந்தார்கள், நல்லபடியாகத்தான் இருந்தார்கள்.

இப்போது அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன்.

கிஷோர் இறந்த அதே தேதி அது. வருடாவருடம் அன்று காலை ஆம்ப்ரோஸும் ஸ்வர்ணாவும் பூசைக்குப் போய்விட்டு, கல்லறையில் பூ வைத்துவிட்டு வருவார்கள். அன்றைக்கு அவன் வேலைக்கு வரமாட்டான் என்று நினைத்து நான் மட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாளே இருவருமாக வைத்தீஸ்வரன் சார் காரின் என்ஜினை வெளியே தூக்கி, கியர்பாக்ஸைப் பிரித்து, பழைய டயர்களை அடுக்கி அதன்மேல் இறக்கி வைத்திருந்தோம். நான் பழைய பிளக்குகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் பஞ்ச்சை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பிளக் ஓட்டைக்குள்ளேயே பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். அப்புறம் பிளையரால் பிடித்து இழுத்துவிடலாம். உள்ளே சிவப்புச் சேறு. சுரண்டி எடுத்து, ஓட்டையின் உள்விளிம்பை எமரி பேப்பரால் தேய்த்து, பசை தடவி, புதுப் பித்தளை பிளக்கைப் பொருத்தி, அளவான சாக்கெட்டை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் நேராக அடிக்க வேண்டும். கோணினால் கசியும். நான் ஒழுங்காகச் செய்தேன். பின்பக்கத்து பிளக்கைக்கூட, இப்போது போய்ப் பார்த்தாலும் தெரியும், மயிரிழை கோணாமல் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது என்ஜினை மறுபடி செயின் பிளாக்கில், அதாவது சங்கிலிக் கப்பியில், தூக்க வேண்டும். என்ஜினின் தலைப்பாகத்தில் முன்னால் ஒரு போல்ட், பின்னால் ஒரு போல்ட் போட்டு அவற்றில் சங்கிலியை மாட்டித் தூக்குவது எங்கள் வழக்கம். தூக்கி நிறுத்தியதும் என்ஜின் பிளாக்கில் தண்ணீர் ஊற்றி, கீழே படுத்து டார்ச் அடித்துப் பின்பக்கத்து பிளக் கசிகிறதா என்று பார்ப்பான் ஆம்ப்ரோஸ். காரில் ஏற்றிய பிறகு கசிந்தால் எல்லாவற்றையும் திரும்பப் பிரிக்க வேண்டுமே.

நான் பின்பக்கத்து போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றினேன். கொஞ்சம் மரை பிடித்ததும் விட்டுவிட்டேன். ஸ்பேனர் போடவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். இதுவரை நான் அவனுக்காக விட்டுவைத்ததெல்லாம் யாரோ ஒருவருடைய வண்டியில். இது அவனே கீழே படுக்கப்போகும் என்ஜின். இதைக் கண்டுபிடித்தால் அவனால் பேசாமல் இறுக்கிவிட்டுப் போக முடியாது. அந்த ஸ்பேனராலேயே என்னை அடிப்பான், என் பிள்ளையைக் கொன்றது போதாதா என்று கேட்பான். அந்தக் கேள்வியை அவன் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

என்ஜின் தொங்கிக்கொண்டிருந்தபோது ஆம்ப்ரோஸ் வந்தான். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்படியே வந்துவிட்டான். பாயிடம் டீ சொன்னான். இருவரும் குடித்தோம். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவனே பேச ஆரம்பித்தான்.

"நீ செஞ்ச வேலையெல்லாம் நான் பின்னாடி போயி பாக்கறது உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையசைத்தேன்.

"மன்னிச்சிட்டேன்னு வாயில சொன்னேன். ஆனா மனசு விடல முத்து. ஒவ்வொரு தபா ஸ்பேனர் போடறப்பவும் உன்ன மன்னிக்காமத்தான் போட்டேன். இன்னிக்குப் பூசையில அதத்தான் யோசிச்சிட்டே இருந்தேன். போதும்பா. எனக்கும் சாகுற வயசாவுது. இனிமே உன் வேலைய நான் பாக்கமாட்டேன்."

பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டான். இத்தனை வருடம் உன்னை அவமானப்படுத்திவிட்டேன் என்றான். அழுதான். நான் அழவில்லை. என் தோளில் கை வைத்து, டேய் என்று கூப்பிட்டான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

அப்புறம் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பிளக்கைப் பார்த்துவிடலாம் வா என்றான். என்ஜினுக்குக் கீழே கிடந்த டயர்களை அவனே ஓரமாக உருட்டித் தள்ளினான். தரையில் சாக்கை விரித்துக் கீழே போனான். சங்கிலியைத் தொடவில்லை. போல்ட்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீழேயிருந்து, தண்ணி ஊத்துடா என்றான்.

ஊற்றினேன்.

ஒரு கேன் காலியானது. பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது எனக்குத் தெரிந்தது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை, சூப்பரா போட்டிருக்க என்று கீழேயிருந்து சொன்னான். நான் இன்னொரு கேனைத் திறந்தேன். அதைப் பாதி ஊற்றும்போது போல்ட் நழுவியது. பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. சங்கிலி ஒருமுறை சரக்கென்றது, என்ஜினின் பின்பாகம் அப்படியே கீழே இறங்கியது. முன்பக்கத்துப் போல்ட்டில் என்ஜின் சாய்ந்து தொங்கிக்கொண்டு நின்றது. தண்ணீர் அவன்மேல் ஊற்றிக்கொண்டே இருந்தது. கேனை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் பாயைக் கூப்பிட வெளியே போனேன்.

பார்க்க வந்த போலீஸ்காரர்கள் போல்ட் உடைந்துவிட்டது, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். அது உடையவில்லை. உங்கள் மேஜையில் இருக்கும் அந்தப் போல்ட்டையே பாருங்கள். நுனியில் மட்டும்தான் மரை தேய்ந்திருக்கும். மேலே எல்லாம் புதிது மாதிரி இருக்கும்.

விபத்து என்று முடித்த கேஸுக்கு நான் ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். ஸ்வர்ணாவால்தான் வந்தேன். அடக்கம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். "அண்ணா, அன்னிக்குக் காலைல கல்லறையில நின்னுதான் அவரு சொன்னாரு, முத்துவ இன்னிக்கு முழுசா மன்னிச்சிட்டேன்னு. நீங்க எதையும் மனசுல வச்சுக்காதீங்க" என்றார். கேரேஜை நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அடுத்த வாரமே டிபன் கேரியர் என் வீட்டுக்கு வந்துவிட்டது. பாய் இப்போது எனக்கும் எழுந்து நின்று டீ கொடுக்கிறார், கூட்டாளியைப் பறிகொடுத்தவன் என்று. சாப்பிட்டுப் பார்த்தேன். சோறு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இன்னொரு தடவை அதே வழியில் நடக்க எனக்குத் தெம்பு இல்லை. உங்களிடம் வந்தால் நீங்கள் மன்னிக்கமாட்டீர்கள். அது உங்கள் வேலை இல்லை. அந்த ஒரு ஆறுதலுக்காகத்தான் வந்தேன்.

நீங்கள் இப்போது கேட்பது புரிகிறது. டீ கொண்டுவந்து வைத்தபோது என்ஜின் டயர்கள்மேல்தான் கிடந்தது, ஆம்ப்ரோஸ் அதன்மேல் கை ஊன்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான் என்று பாய் சொல்லியிருக்கிறார். நான் என்ஜின் தொங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன்.

பாய் பொய் சொல்கிற ஆள் இல்லை.

சரி. அவர் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ரோஸ் முதலில் பேசினான். இனிமேல் உன் வேலையைப் பார்க்கமாட்டேன் என்று சொன்னான், அழுதான், என்னை டேய் என்று கூப்பிட்டான். அவன் போய் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் நான் சங்கிலியை மாட்டினேன். பின்பக்கத்து போல்ட்டைக் கையால் போட்டது அப்போதுதான். அவன் திரும்பி வரும்போது என்ஜினைத் தூக்கி முடித்திருந்தேன். அவன் பார்க்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அடிப்பான், கேள்வி கேட்பான் என்று நான் முன்னால் சொன்னதை வேண்டுமானால் அடித்துவிடுங்கள்.

இதைக் கொலை என்று எழுதுவீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் சார். சொன்னால் சொன்னதுதான் என்று இருக்காமல், வழக்கம்போல அன்றைக்கும் ஒரு தடவை ஸ்பேனரை வைத்துப் பார்த்திருந்தான் என்றால், ஆம்ப்ரோஸ் இப்போது உயிரோடு இருந்திருப்பான்.